300 சிப் போக்கர் பெட்டி: சிப்புக்குத் தகும், சீட்டுக்குத் தகாது

அலுமினியப் பெட்டி, உள்ளே 300 சிப் (பந்தயம் வைக்கும் வில்லை), இரண்டு சீட்டுக்கட்டு, ஒரு டீலர் பட்டன் (சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டுவது). போக்கர் செட் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த வகைதான். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பிரித்துப் பார்க்காமல், காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு மொத்தமாகத் தடை போட்டுவிட்டது. இனிப் பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ ஆட்டத்தை மெருகேற்ற நினைப்பவர், நாலைந்து பேரைக் கூட்டி, ஜமுக்காளம் விரித்து, காசு வைக்காமல் பழகுவதே நல்ல வழி. அப்படிப் பழகுகிறவருக்கு இந்தப் பெட்டி எவ்வளவு உதவும் என்றுதான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் சிப். ஒன்று 11.5 கிராம், பிளாஸ்டிக்குக்குள் இரும்பு வில்லை வைத்தது. கையில் கனம் தெரிகிறது, அடுக்கினால் சரியாமல் நிற்கிறது. ஆனால் 300 சேர்ந்தால் சிப் மட்டுமே மூன்றரைக் கிலோ. அந்தக் கனத்தைப் பெட்டியின் கைப்பிடி தாங்காது. தகட்டுக்குள் இருப்பது அட்டைப்பலகைதான், ரிவெட் சீக்கிரம் ஆடிவிடும். தூக்கும்போது அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். எண் ஸ்டிக்கர் ஒட்டிய சிப் வேண்டாம், கை வியர்வையில் ஓரம் கிளம்பிவிடும். எண்ணே இல்லாத வெறும் நிறச் சிப் நல்லது, மதிப்பை நாமே வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளை 100, சிவப்பு 100, பச்சை 50, நீலம் 50 என்று இருக்கும் பெட்டியை வாங்கினால் ஆறு பேருக்குக் கணக்கு அழகாக வரும். வெள்ளை 5, சிவப்பு 25, பச்சை 100, நீலம் 500. ஆளுக்கு வெள்ளை 10, சிவப்பு 10, பச்சை 7, மொத்தம் 1,000. பிளைண்டு, அதாவது சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய தொகை, 5, 10 என்று வைத்தால் ஒவ்வொருவர் முன்னும் நூறு பெரிய பிளைண்டு இருக்கும். நிதானமாக யோசித்து ஆட அது போதும்.

காசில்லாத ஆட்டத்தில் ஒரு பெரிய கேடு உண்டு. போனால் என்ன என்று எல்லாரும் எல்லாவற்றுக்கும் கால் போடுவார்கள் (எதிராளி வைத்த அளவே தாமும் வைப்பார்கள்), பிளஃபுக்கே, அதாவது மோசமான சீட்டை நல்ல சீட்டுபோல் காட்டிப் பந்தயம் வைப்பதற்கே, மதிப்பிருக்காது. அதற்கு மருந்து, வாராவாரம் புதிதாக 1,000 கொடுக்காமல் இருப்பது. இந்த வாரம் 640-இல் முடித்தவர் அடுத்த வாரம் 640-இலேயே உட்காரட்டும். முழுதும் தோற்றவருக்கு நீலச் சிப் இரண்டு கொடுத்து, நோட்டில் அவர் பெயருக்கு நேரே கழித்தல் 1,000 எழுதுங்கள். மூன்றாவது வாரத்திலேயே ஆட்டம் இறுகிவிடும்.

நம் பக்கம் எல்லாரும் ரம்மியில் வளர்ந்தவர்கள். முதல் ஸ்கூட் 20, மிடில் ஸ்கூட் 40 என்பது பழகிப்போன கணக்கு. மோசமான சீட்டைத் தொடக்கத்திலேயே கவிழ்த்தால் இழப்பு குறைவு என்ற அதே புத்திதான் போக்கரிலும் வேண்டும். ஆனால் இரண்டே சீட்டு கையில் இருக்கும்போது, ஃப்ளாப்பை, அதாவது தரையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டை, பார்த்துவிட்டுப் போகலாமே என்று மனசு இழுக்கும். ரம்மிக்காரர் போக்கரில் முதலில் சறுக்குவது இங்கேதான்.

இந்தச் செட்டின் உண்மையான பயன், பாட், அதாவது அந்த ஆட்டத்தில் எல்லாரும் வைத்த மொத்தச் சிப், எவ்வளவு என்று கண்ணால் பார்த்து எண்ண முடிவது. போனில் அந்தத் தொகையைத் திரையே சொல்லிவிடும்; மூளை வேலை செய்யாது. சிப்பை நடுவில் வாரி எறியாமல் அவரவர் முன்னால் அடுக்கி வைக்கட்டும், பந்தயச் சுற்று முடிந்ததும் டீலர் சேர்க்கட்டும். உங்கள் முறை வந்தால், கையைச் சிப்பில் வைப்பதற்கு முன் பாட் எவ்வளவு என்று மனசுக்குள் சொல்லுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு கை, அதாவது ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடும் ஆட்டம். உங்களிடம் இஸ்பேட் ஒன்பது, எட்டு. டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) வரை தரையில் இரண்டு இஸ்பேட்; இன்னும் ஒன்று விழுந்தால் ஐந்தும் ஒரே இனமாகி ஜெயிக்கலாம். பாட் 300. எதிராளி பச்சை ஒன்று, சிவப்பு இரண்டு வைக்கிறார், அதாவது 150. நீங்களும் 150 போட்டால் பாட் 600. உங்கள் பங்கு கால்வாசி. ஆகவே நூற்றுக்கு 25 தடவையாவது ஜெயிக்க வேண்டும். கண்ணில் படாத சீட்டு 46, அதில் இஸ்பேட் 9. நூற்றுக்கு 20-கூட இல்லை. ஃபோல்டு, சீட்டைக் கவிழ்த்துவிடுங்கள். இஸ்பேட் விழுந்தால் ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு திறந்தபின்) அவரிடமிருந்து சராசரியாக இன்னும் 170 அளவுக்காவது வரும் என்று நம்ப இடமிருந்தால் மட்டும் கால் போடுங்கள். இந்தக் கணக்கு பத்து விநாடியில் வர வேண்டும். தனியாக இருக்கும் நாளில் இருபது ஃப்ளாப்பைப் போட்டு, உதவும் சீட்டுகளை எண்ணிப் பழகினால் வந்துவிடும்.

இனி சீட்டு. பெட்டியோடு வருவது மேலே பூச்சு போட்ட காகிதம். குற்றாலச் சாரல் அடிக்கும் மாதங்களில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் அது ஈரம் குடித்து உப்பி, ஒன்றோடொன்று ஒட்டும். கலைக்கக் கலைக்க மூலை மடியும். ஆட்டின் ராஜாவின் பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைக் கீறல் விழுந்துவிட்டால், எதிராளியின் ஆட்டத்தைப் படிப்பதை விட்டுவிட்டுக் கண் அந்தக் கீறலைத் தேட ஆரம்பிக்கும். பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. முழுப் பிளாஸ்டிக் சீட்டு தனியாக வாங்குங்கள். புதிதில் வழுக்கும்; தரையில் பரப்பிக் கலைத்துவிட்டுப் பிறகு கையில் எடுங்கள். அழுக்கேறினால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்தலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வளைந்துவிடும்.

பெட்டியில் இல்லாத ஒன்று, அதுவும் மிக முக்கியமானது, ஒரு நாற்பது பக்க நோட்டு. ஓர் இரவுக்கு மூன்று கை எழுதினால் போதும்: பட்டனிலிருந்து எத்தனையாவது ஆள், முன்னால் எவ்வளவு சிப், என்ன சீட்டு, யார் எவ்வளவு வைத்தார், நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள். ஜெயித்தீர்களா என்பதைப் பின்பக்கத்தில் எழுதுங்கள். மறுநாள் படிக்கும்போது முடிவு தெரியாமல் காரணத்தை மட்டும் எடைபோட முடியும். இரண்டு ஆஸோடு இரண்டு ராஜா மோதினால் ஆஸ் ஜெயிப்பது நூற்றுக்கு 82 தடவைதான். மீதி 18-இல் தோற்றது தப்பாட்டம் ஆகாது. கையால் போட்டு ஆடும்போது மணிக்கு 20 கை தாண்டினாலே அதிகம். இரண்டு மணி நேரத்தில் 40 கை. அதை வைத்து ஒருவர் நன்றாக ஆடினாரா என்று சொல்லவே முடியாது.

பெரிய பாட் போனபின் முகம் சூடாகி, அடுத்த கையின் சீட்டைப் பார்க்காமலே பந்தயத்தை ஏற்றி ரெய்ஸ் போடத் தோன்றினால் எழுந்துவிடுங்கள். ஆறு பேர் ஆட்டத்தில் ஒரு முழுச் சுற்று, அதாவது ஆறு கை, வெளியே நின்றால் போதும். தண்ணீர் குடிக்கலாம், மூன்றாவது கையை நோட்டில் எழுதலாம்.

எழுந்து போகுமுன் பிளாஸ்டிக் கட்டை 52 எண்ணி மூடுங்கள். அதில் ஒன்று தொலைந்தால் கட்டே வீண், உதிரி தனியாகக் கிடைப்பது அரிது.