ராபிட்எம்க்யூ: நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்த பிறகு

எங்களிடம் ஆர்டர், சரக்கிருப்பு, பில், குறுஞ்செய்தி, கணக்கு என்று ஐந்து மென்பொருள்கள். ஒன்றையொன்று நேரடியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. குறுஞ்செய்திப் பகுதி படுத்துவிட்டால் ஆர்டரே போட முடியாது. நன்றி சொல்ல வழியில்லை என்பதற்காக வந்த வாடிக்கையாளரையே திருப்பி அனுப்பிய கதைதான்.

ராபிட்எம்க்யூவை நடுவில் உட்கார வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மென்பொருள் தரும் செய்தியை வாங்கி வைத்து, மற்ற மென்பொருள்களிடம் சேர்க்கும் இடைத்தரகர் இது. 2007இல் வெளிவந்த, திறமூல மென்பொருள். தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்ஸனில் பிறந்த எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. அனுப்புகிறவர் செய்தியை, அதன் உள்ளே இருக்கும் எக்ஸ்சேஞ்ச் என்ற பிரிப்பகத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடலாம். செய்திகள் காத்திருக்கும் வரிசைகளில் எந்தெந்த வரிசைக்குப் போக வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். ஆறாவதாகப் புள்ளிவிவர மென்பொருள் வந்தபோது புதிய வரிசை ஒன்றைக் கட்டியதோடு சரி. ஆர்டர் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. இதற்கு முன்பு அது ஒரு வார வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது 15672 போர்ட்டில் திறக்கும் மேலாண்மைப் பக்கம். ஒருநாள் பில்கள் தேங்கி நின்றன. பக்கத்தைத் திறந்தால் 'ரெடி' (எடுக்கக் காத்திருப்பவை) பூஜ்ஜியம், 'அன்அக்டு' (எடுத்தும் முடிந்ததென்று சொல்லப்படாதவை) பதினோராயிரத்துச் சொச்சம். பில் போடும் கன்சியூமர்கள், அதாவது வரிசையிலிருந்து செய்தியை எடுத்து வேலை செய்யும் நிரல்கள், இரண்டு. முதலில் எழுந்த ஒன்று அத்தனையையும் அள்ளி மடியில் கட்டிக்கொண்டது. மற்றது கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ப்ரீஃபெட்ச் அளவை, அதாவது ஒரு கன்சியூமர் முடிக்காமல் ஒரே நேரத்தில் எத்தனை செய்திகளைக் கையில் வைத்திருக்கலாம் என்பதை, நாங்கள் குறிப்பிடவே இல்லை. குறிப்பிடாவிட்டால் வரம்பே கிடையாது. 20 என்று வைத்தோம், வேலை சமமாகப் பிரிந்தது. தவறு எங்களுடையது, அதை ஒரே பார்வையில் காட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம்.

செய்தியை முடித்தாயிற்று என்று தெரிவிக்கும் ஒப்புகை விஷயத்தில் கவனம் தேவை. தானியங்கி ஒப்புகையை வைத்தால், கன்சியூமர் நடுவழியில் செத்தாலும் செய்தி முடிந்த கணக்கில் போய்விடும். நாமே ஒப்புகை அனுப்பினால் வேறு சிக்கல்: பில் போட்டு முடித்து, ஒப்புகை அனுப்பும் முன் சர்வர் விழுந்தால் அதே செய்தி மறுபடி வரும். எங்களுக்கு வந்தது, ஒரே ஆர்டருக்கு இரண்டு பில். அதன் பிறகுதான் ஆர்டர் எண்ணை ஒருமுறைக்கு மேல் ஏற்காதபடி தரவுத்தளத்தில் தடை போட்டோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

குறைகளும் உண்டு. ஒப்புகை போன செய்தி சாதாரண வரிசையில் இருக்காது. போன மாதத்துச் செய்திகளை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் படித்த பிறகும் செய்திகளை வைத்திருக்கும், 2021இல் சேர்ந்த ஸ்ட்ரீம் வசதியைப் பார்க்க வேண்டும். அதுவே உங்கள் முதன்மைத் தேவை என்றால், செய்திகளைச் சேமித்து மறுபடி ஓட்ட ஏற்ற காஃப்கா என்ற மென்பொருளுக்கே போய்விடுங்கள். பழைய பதிப்பில் மிரர்டு வரிசைகளை (பல சர்வர்களில் நகல் வைக்கும் பழைய முறை) நம்பியிருப்பவர்களுக்கு 4.0 பதிப்பு கொஞ்சம் கசக்கும். அதில் அவை நீக்கப்பட்டுவிட்டன. பெரும்பான்மை சர்வர்களின் ஒப்புதலோடு நகல் வைக்கும் குவோரம் வரிசைக்கு மாற வேண்டும், ஒன்று விழுந்தாலும் ஓட வேண்டுமென்றால் குறைந்தது மூன்று சர்வர்கள் தேவை. எங்கள் மாற்றத்துக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன.

ஒன்றை மட்டும் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். 'ரத்து' என்றால் ஆர்டர் மென்பொருளுக்குச் சரக்கு வெளியே போகவில்லை என்று பொருள். கணக்குக்கோ பணம் திருப்பியாயிற்று என்று பொருள். ராபிட்எம்க்யூ உறையைப் பிரித்துப் பார்க்காது, கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த ஒரு சொல்லுக்காக இரு குழுக்களும் இதுவரை நான்கு முறை கூடிப் பேசியாகிவிட்டது. ஐந்தாவது கூட்டம் வியாழக்கிழமை.