ஒரே நெகட்டிவ்ல மூணு லேயரா, மூணு நெகட்டிவ்ல மூணு கலரா?

கம் பைக்ரோமேட்னா பிசின், கலர், டைக்ரோமேட் உப்பு மூணையும் கலந்து பேப்பர்ல பூசி, நெகட்டிவ் வெச்சு வெயில் காட்டிக் கழுவுற பழைய ஃபோட்டோ முறை. அதுல ஒரு கோட்டிங்கோட நிறுத்தினா படம் சப்புன்னுதான் நிக்கும். வெளிச்சம் மேல இருந்து இறங்குறதால பிசின் மேல்பக்கம்தான் முதல்ல இறுகுது, பேப்பர் வரைக்கும் இறுகாத மெல்லிசு டோன் எல்லாம் தண்ணியில கழண்டு போயிடும். அதான் லேயர் மேல லேயர். அதுல ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் காரைக்குடி வெயில்லயே போட்டுப் பாத்தாச்சு.

முதல் வழி ஒரே நெகட்டிவ். முதல் கோட்டிங்ல கலர் கம்மி, வெயில் அதிகம், இது வெளிச்சப் பகுதிக்கு. கடைசி கோட்டிங்ல கலர் தூக்கலா போட்டு வெயிலைப் பாதியாக் குறைச்சா நிழல் மட்டும் கெட்டியா உக்காரும். நடுவுல உள்ளது நடுத்தரம். ஆஸ்திரியாவுல ஹைன்ரிஷ் கூன்ங்கிற ஃபோட்டோகிராஃபர் 1890கள்லயே இப்படி அடுக்கடுக்கா போட்டிருக்காரு. கானாடுகாத்தான்ல ஒரு வீட்டு முகப்பு, தேக்குத் தூணு, இதை பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு மண் கலர்ல மூணு தடவை போட்டேன், தூணோட வழவழப்பு அப்படியே வந்துச்சு, கையால தடவிப் பாக்கணும் போல இருந்துச்சு.

ரெண்டாவது, கலர் பிரிச்சு மூணு நெகட்டிவ். படத்தோட நீலச் சேனல்ல இருந்து எடுத்தது மஞ்சளுக்கு, பச்சை மெஜந்தாவுக்கு, சிவப்பு சயானுக்கு. ஆத்தங்குடி கல் பதிச்ச தரையை எடுத்தா இதுதான் ஆசை காட்டும், ஆனா கோடு கோடா இருக்குற டிசைன்ல அரை மில்லி நகர்ந்தாலும் கண்ணு உடனே புடிச்சிரும். ஒரு தடவை பேப்பரை வெந்நீர்ல ஊறப் போட்டு முன்னாடியே சுருங்க வைக்காம இறங்கிட்டேன். முதல் கழுவல்லயே பேப்பர் சுருங்கி, மெஜந்தா ஒவ்வொரு பூவுக்கும் ஓரத்துல சிவப்பா ஒரு கரை கட்டிருச்சு, மூணு நாள் வேலை போச்சு. இப்ப எல்லாம் வெந்நீர்ல ஒரு மணி நேரம் போட்டுக் காயவெச்சு, கலர் பேப்பருக்குள்ள ஊறாம இருக்க ஜெலட்டின் பூசி (சைசிங்), ரெண்டு ஓட்டை போட்டு பின்ல மாட்டித்தான் நெகட்டிவ் வைக்கிறது. அப்பவும் சாம்பல் டோன்ல ஒரு கலர் தூக்கிக்கிட்டு நிக்கும், அதுக்கு சின்னத் துண்டுப் பேப்பர்ல முன்னாடியே ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுத்தான் ஆகணும்.

கெமிக்கல்ல, பொட்டாசியம் டைக்ரோமேட் 20 டிகிரி சூட்டுல நூறு மில்லி தண்ணிக்கு 12 கிராம் கிட்டதான் கரையும், அமோனியம் டைக்ரோமேட் 35 கிராம் வரைக்கும் போகும், அதனால அதுதான் வேகம். சித்திரை வெயிலுக்கு அந்த வேகம் வேணாம், பொட்டாசியம்தான் நிதானம். ஐப்பசி மேகமூட்டத்துல அமோனியம் எடுக்கலாம், ஆனா ஈரக் காத்துல பூசின பேப்பர் இருட்டுலயே இறுகிடும், காஞ்ச உடனே வெயில்ல வெச்சிரணும்.

தூணு, கதவு, முகம்னா ஒரே நெகட்டிவ்தான். தரைக்கு மட்டும் மூணு கலர், அதுவும் பொறுமை இருந்தா. ஆத்தங்குடி கல்லுல இருக்குற சிவப்பு இரும்பு ஆக்சைடு, சியன்னாவும் அதே இனம்தான், அதனால சிவப்புத் தரைக்கு ஒரே கலரே போதும்னு எனக்குத் தோணுது.

எதைப் போட்டாலும் கையுறை கட்டாயம், டைக்ரோமேட் கேன்சர் வரவைக்கிற சரக்கு. கழுவின மஞ்சத் தண்ணியை ஊரணிக்குப் போற வாய்க்கால்ல மட்டும் ஊத்திராதீங்க, தனி கேன்ல புடிச்சு வைங்க.