நற்பெயர்: முழுசாக எழுதுவதா, தாய் நிறுவனத்தின் பங்குக்கு மட்டுமா?

ஒரு நிறுவனத்தை அதன் நிகரச் சொத்தின் (சொத்தில் கடனைக் கழித்த மீதி) மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கினால், அந்தக் கூடுதல்தான் நற்பெயர் (குட்வில்). ஒரு நிறுவனம் இன்னொன்றை நூறு சதவீதமும் வாங்கிவிட்டால், வாங்கிய தாய் நிறுவனத்தையும் வாங்கப்பட்ட துணை நிறுவனத்தையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கில் இந்த நற்பெயரை எவ்வளவு எழுதுவது என்ற சிக்கலே எழாது. 80 சதவீதம் வாங்கும்போதுதான் கேள்வி வருகிறது: மீதி 20 சதவீதத்தை வைத்திருக்கும் வெளியாரின் பங்கை, அதாவது சிறுபான்மைப் பங்கை, எந்தத் தொகைக்குக் காட்டுவது? கையகப்படுத்தலுக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 3 இரண்டு வழி தருகிறது. நியாய மதிப்பில், அதாவது சந்தையில் விற்றால் கிடைக்கும் விலையில், காட்டலாம். இல்லையென்றால் துணை நிறுவனத்தின் நிகரச் சொத்தில் அவர்கள் விகிதத்துக்கு உரியதை மட்டும் காட்டலாம். முதல் வழியில் நற்பெயர் முழுசாக ஏறும். இரண்டாவதில் தாய் நிறுவனத்தின் பங்குக்கு உரியது மட்டுமே ஏறும்.

இது சமரசத்தில் பிறந்த ஏற்பாடு. 2005-இல் வந்த வரைவு, முழு நற்பெயரை மட்டுமே அனுமதிப்பதாக இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2008 ஜனவரியில் வந்த இறுதி வடிவத்தில், ஒவ்வொரு கையகப்படுத்தலுக்கும் தனித்தனியாகத் தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்கத் தரநிலை அப்படி விடவில்லை. அங்கே நியாய மதிப்பு ஒன்றுதான். இந்தியாவின் தரநிலையான இண்ட் ஏஎஸ் 103 ஐஎஃப்ஆர்எஸ் வழியில் இரண்டையும் ஏற்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். துணை நிறுவனத்தின் நிகரச் சொத்து, நியாய மதிப்பில், 1,000 கோடி. அதில் 80 சதவீதத்துக்குத் தாய் நிறுவனம் 960 கோடி கொடுக்கிறது. மீதி 20 சதவீதத்தின் நியாய மதிப்பு 220 கோடி.

| | முழு நற்பெயர் | பகுதி நற்பெயர் |
|---|---|---|
| கொடுத்த விலை | 960 | 960 |
| சிறுபான்மைப் பங்கு | 220 | 200 |
| கழி: நிகரச் சொத்து | 1,000 | 1,000 |
| நற்பெயர் | 180 | 160 |

80 சதவீதத்துக்கு 960 என்றால் 20 சதவீதத்துக்கு 240 தானே, 220 எப்படி வந்தது என்று கேட்கலாம். தாய் நிறுவனம் கொடுத்த விலையில் கட்டுப்பாட்டுக்கான கூடுதல் தொகையும் அடங்கியிருக்கிறது. வெளியே நிற்கும் 20 சதவீதக்காரருக்கு அந்த அதிகாரம் இல்லை, அதனால் அவர் பங்கின் விலை கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். இந்த 20 கோடி வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், கீழே வேலை இருக்கிறது.

பகுதி முறை என்றதும், துணை நிறுவனத்தின் சொத்தில் 80 சதவீதத்தை மட்டும் சேர்ப்பது என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. இரண்டு முறையிலும் சொத்தும் கடனும் விற்பனையும் நூறு சதவீதம் சேரும். குழுமத்துக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலை நீக்குவது, விற்காமல் கிடக்கும் சரக்கில் ஒட்டியிருக்கும் லாபத்தைக் கழிப்பது எல்லாம் ஒன்றேதான். மாறுவது இரண்டே வரி: நற்பெயர், சிறுபான்மைப் பங்கு.

முதல் நாள் இருப்புநிலைக் குறிப்பில் தெரியும் வித்தியாசம் அற்பம். முழு முறையில் மொத்த ஈக்விட்டி 20 கோடி கூடும், கடன் விகிதம் துளி அழகாகத் தெரியும், அவ்வளவுதான். பின்னால் துணை நிறுவனத்தை முழுசாக விற்றாலும் பிரச்சினை இல்லை. வாங்கிய கையோடு விற்றதாக வைத்துக்கொண்டால், 1,000 + 180 − 220 என்றாலும் 1,000 + 160 − 200 என்றாலும் தாய் நிறுவனத்தின் அடக்கம் அதே 960.

வித்தியாசம் பல்லைக் காட்டுவது இரண்டு இடத்தில்.

ஒன்று, மதிப்புக் குறைவுச் சோதனை: ஏட்டில் உள்ள தொகை நிஜமாகவே திரும்பக் கிடைக்குமா என்று பார்ப்பது. அடுத்த ஆண்டு துணை நிறுவனத்தின் நிகரச் சொத்து 1,050 கோடி, அந்த நிறுவனம் முழுவதிலிருந்தும் மீட்கக்கூடிய தொகை 1,130 கோடிதான் என்று வைத்துக்கொள்வோம். முழு முறையில் 1,050 + 180 = 1,230. நஷ்டம் 100. லாபத்தைப் பிரிக்கும் விகிதத்திலேயே இதையும் பிரித்தால் தாய் நிறுவனத்தின் தலையில் 80, வெளியார் தலையில் 20.

பகுதி முறையில் ஏட்டில் உள்ள 160-ஐ அப்படியே எடுத்து ஒப்பிடக் கூடாது. மீட்கக்கூடிய தொகை முழு நிறுவனத்துக்கும் உரியது. நற்பெயர் மட்டும் 80 சதவீதத்துக்கு உரியதாக இருந்தால் கணக்கு ஒட்டாது. அதனால் மதிப்புக் குறைவுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 36 சொல்வதுபோல 160-ஐ 80 சதவீதத்தால் வகுத்து 200 ஆக்க வேண்டும். இப்போது 1,050 + 200 = 1,250. நஷ்டம் 120. இதில் ஏட்டில் ஏறாத நற்பெயருக்கு உரிய 24-ஐ விட்டுவிட்டு 96-ஐ எழுதுகிறோம். அந்த 96-ம் தாய் நிறுவனத்தின் பங்குதாரர்கள் தலையில்.

குழும நஷ்டம் என்று பார்த்தால் பகுதி முறையில்தான் குறைவு: 96. தாய் நிறுவனத்தின் பங்குதாரருக்கோ 80-க்குப் பதில் 96. ஒரு பங்குக்கான வருமானம் அதற்கேற்ப அடி வாங்கும். கட்டுப்பாட்டுக்காகக் கொடுத்த கூடுதல் விலை வெளியார் பங்கிலும் இருப்பதுபோல் அந்த வகுத்தல் கருதிக்கொள்வதால் வரும் வினை இது. கூடுதல் விலையே இல்லாமல், 20 சதவீதத்தின் மதிப்பு 240 ஆக இருந்திருந்தால் இரண்டு முறையிலும் தாய் நிறுவனத்தின் தலையில் 96 தான் வந்திருக்கும். பகுதி முறைதான் அடக்கமானது, பாதுகாப்பானது என்று பரவலாகச் சொல்லப்படுவதை இந்த இடத்தில் நான் ஏற்பதில்லை.

இரண்டு, மீதியையும் வாங்குவது. அந்த 20 சதவீதத்தைக் கொஞ்ச நாளில் 240 கோடிக்கு வாங்குகிறார்கள் என்றால், கட்டுப்பாடு ஏற்கனவே கையில் இருப்பதால் இது பங்குதாரர்களுக்கு இடையிலான பரிமாற்றம். புது நற்பெயர் பிறக்காது. கொடுத்த விலைக்கும் ஏட்டிலுள்ள சிறுபான்மைப் பங்குக்கும் உள்ள வித்தியாசம் நேரே தாய் நிறுவனத்தின் ஈக்விட்டியில் கழியும். முழு முறையில் 20 கழியும், பகுதி முறையில் 40. நற்பெயருக்குக் கொடுத்த காசு சொத்தாக ஏறாமல் மூலதனத்தைத் தின்றுவிடுகிறது. கடன் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச நிகர மதிப்பு என்று நிபந்தனை இருந்தால் இது சும்மா விடும் விஷயமில்லை.

அப்படியானால் எது? மீதியையும் வாங்கும் எண்ணம் இருந்தால் முழு முறையை எடுங்கள். துணை நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, விலை தினமும் தெரிகிறது என்றாலும் அதுவே மேல். மதிப்பீட்டுச் செலவு கிட்டத்தட்ட இல்லை. பட்டியலில் இல்லாத நிறுவனம், வெளியார் கையில் ஐந்து சதவீதம்தான், வாங்கும் திட்டமும் இல்லை என்றால் பகுதி முறை போதும். அந்த ஐந்து சதவீதத்துக்கு மதிப்பீட்டாளரை வைத்து, அவர் எடுத்த தள்ளுபடி விகிதத்துக்காகத் தணிக்கையாளரிடம் மல்லுக்கட்டுவது வீண்.

ஒரு கையகப்படுத்தலுக்கு எடுத்த முடிவை அப்புறம் மாற்ற முடியாது. அடுத்த துணை நிறுவனத்துக்கு மறு வழியை எடுக்கத் தடையில்லை. ஆகவே ஒரே குழுமத்தின் நற்பெயர் வரியில் இரண்டு வகையும் கலந்து கிடக்கலாம். கையகப்படுத்திய ஆண்டின் குறிப்புகளில் சிறுபான்மைப் பங்கை எந்த அடிப்படையில் அளந்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். இரண்டு குழுமங்களின் நற்பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் முன் அந்தக் குறிப்பைத் தேடிப் படியுங்கள்.