மோனோஓலினா ஃபைட்டன்ட்ரையாலா? தோல் வழி மருந்துக்கு நான் எடுத்தது

மோனோஓலின், ஃபைட்டன்ட்ரையால் ரெண்டும் தோல்ல தடவற மருந்தைச் சுமக்கற ஜெல் செய்ய உதவற கொழுப்பு மாதிரி பொருள்கள். ரெண்டையும் வச்சு ஜெல் செஞ்சு பாத்தாச்சு, கடைசியில ஃபைட்டன்ட்ரையால் பக்கம்தான் சாஞ்சேன், அதை முதல்லயே சொல்லிடறேன்.

தண்ணி சேத்தா ரெண்டுமே தானா கியூபிக் ஃபேஸா (கொழுப்புப் படலமும் தண்ணிக் குழாய்களும் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கற அமைப்பு) அடுக்கிக்கும், எண்ணெய்ல கரையற மருந்துக்கும் தண்ணில கரையறதுக்கும் உள்ள இடம் இருக்கும், தோல்லயும் நல்லா ஒட்டும். இதுல ஒண்ணை விட ஒண்ணு ஒசத்தின்னு சொல்ல முடியாது.

மோனோஓலினுக்கு ஒரு பெரிய ப்ளஸ் உண்டு. தோலோட மேல் அடுக்குல இருக்கற செராமைடு, கொலஸ்ட்ரால்ங்கற கொழுப்பு அடுக்கை அதுவே கொஞ்சம் கலைச்சு விட்டு மருந்துக்கு வழி பண்ணும். தண்ணியும் அதிகமா பிடிக்கும். இதை நம்பித்தான் நானும் முதல்ல அதுல எறங்குனேன்.

வில்லங்கம் ஸ்டோரேஜ்லதான். மோனோஓலின்ல எஸ்டர் பாண்ட் (தண்ணியால உடையக்கூடிய பிணைப்பு) இருக்கு, ஜெல்லுக்குள்ள தண்ணி எப்பவும் இருக்கு, அப்புறம் என்ன, மெதுவா உடைஞ்சு ஓலிக் ஆசிட் வரும். ஓலிக் ஆசிட் வந்தா மருந்து பாழாகுமேங்கறது கூட ரெண்டாவது கவலை, அது கியூபிக் அமைப்பையே ஹெக்சகனல் (அறுகோணமா அடுக்கின குழாய்கள்) பக்கம் தள்ளிடும், மருந்து வெளிய வர்ற வேகமும் அதோட மாறிடும். புதுசா செஞ்ச ஜெல்லை போலரைஸ்டு மைக்ராஸ்கோப்ல வச்சா ஒண்ணுமே தெரியாது, கும்மிருட்டு, கியூபிக்னா அப்படித்தான் இருக்கணும். சில மாசம் கழிச்சு அதே டப்பாவ எடுத்துப் பாத்தா ஓரத்துல விசிறி மாதிரி கலர் கலரா மின்னுது, அது ஹெக்சகனலோட அடையாளம், மூடியைத் திறந்தா லேசா சிக்கு வாடை வேற. நான் டெஸ்ட் பண்ணது ஒரு மருந்து, மேல தடவறது வேறன்னா என்ன அர்த்தம்?

ஃபைட்டன்ட்ரையால்ல எஸ்டரே கிடையாது, அதனால இப்படி உடையற பேச்சே இல்ல. ஏற்கனவே காஸ்மெடிக்ஸ்ல ஓடிட்டிருக்கற சரக்குதான்.

குறை இல்லாம இல்ல. தேன் மாதிரி பிசுபிசுன்னு இருக்கும், எடை போடறதுக்குள்ள உயிர் போயிடும். தண்ணியோட சேந்து சுமார் 44 டிகிரி செல்சியஸ் தாண்டுனா ஹெக்சகனலா மாறிடும், மோனோஓலின் அதுக்கு ரொம்ப மேல வரை தாங்கும். தோல் மேல 32 டிகிரிதானே, என்ன ஆயிடப்போகுதுன்னு தோணும், ஆனா எண்ணெய்ப் பசை மருந்து நெறைய போட்டா அந்த 44 கீழ எறங்கிடும். நான் பாத்ததெல்லாம் ஃப்ரான்ஸ் செல்ல (மருந்து தோலைத் தாண்டி எவ்வளவு போகுதுன்னு அளக்கற கண்ணாடிக் கருவி) பன்னி காதுத் தோல் வச்சுதான், மனுஷத் தோலுக்கு அதை அப்படியே எடுத்துக்காதீங்க. என் முதல் ஃபைட்டன்ட்ரையால் பேட்ச்லயும் விசிறி தெரிஞ்சுது, மருந்தைப் பாதியாக் குறைச்சப்புறம்தான் ஸ்லைடு மறுபடி இருட்டாச்சு.