செம்பருத்திக்கு வண்டா, குளவியா, சோப்புத் தண்ணீரா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் மொட்டை மாடியில் நாற்பது தொட்டி. செம்பருத்தி நுனியெல்லாம் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது. முதலில் சோப்புத் தண்ணீர்தான் அடித்தேன். வெளியே ஊரும் குஞ்சுகள் செத்தன. ஆனால் பஞ்சு மாதிரி இருக்கும் முட்டைப் பைக்குள் சோப்பு சரியாக இறங்குவதில்லை; பத்தே நாளில் பழைய கதை. இரண்டு தொட்டி வைத்திருப்பவருக்கு இது போதும்.

அடுத்தது கிரிப்டோலேமஸ் பொறிவண்டு. ஆஸ்திரேலியாக்காரர், 1898லேயே காபிச் செடியின் செதில் பூச்சிக்காக இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டவர். பெயர் வாங்கியது என்னவோ மாவுப்பூச்சியைத் தின்பதில்தான். இப்போது பரங்கிக்காயில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தீனியாகப் போட்டு இவற்றைப் பெருக்குகிறார்கள். 4 மி.மீ. உடம்பு, கறுத்த முதுகு, ஆரஞ்சுத் தலை. சோப்பு நுழையாத அந்தப் பஞ்சிலேயே தாய் வண்டு முட்டை வைக்கும். பொரித்து வரும் புழுவுக்குச் சுற்றிலும் சாப்பாடு.

ஒரு வம்பு உண்டு. புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழையோடு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். நாலைந்தை நானே பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே கிடக்கும், இது விறுவிறுவென நடக்கும், நீளமும் இரண்டு மூன்று மடங்கு. வண்டு விட்ட பிறகு சோப்பைத் தொடக் கூடாது. எறும்பையும் முதலில் விரட்ட வேண்டும். இனிப்புக் கழிவுக்காக அது மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், வண்டை அண்டவிடாது. தீனி குறைந்தால் வண்டு பறந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூச்சி இருக்கிற செடிக்கு இதை வாங்குவது வீண்.

அந்த இடத்தில் குளவி கெட்டி. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. 2010இல் பெங்களூரின் தேசியப் பூச்சி ஆய்வு மையம் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவியைக் கொண்டுவந்தது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். தனியாக ஒளிந்திருப்பதையும் தேடிப் பிடிக்கும். ஆனால் பப்பாளி மாவுப்பூச்சியைத் தவிர வேறெதையும் சீண்டாது.

அந்த மாவுப்பூச்சி செம்பருத்தியிலும் வரும். எனவே ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். பப்பாளி மாவுப்பூச்சி என்றால் மஞ்சள் நீர் கசியும். என் விரலில் ஒட்டியது இளஞ்சிவப்பு. சரி, எனக்கு வண்டுதான். கீழ்வீட்டுப் பப்பாளியில் மஞ்சள் கசிந்தது. அதன் இலையடியில் உப்பிக் காய்ந்த கூடுகள், ஒவ்வொன்றிலும் குளவி வெளியேறிய ஓட்டை. யாரும் வாங்கி விடவில்லை, தானாகவே வந்திருக்கிறது.