சிட்டுக்குருவிப் பெட்டி: நாகர்கோவில் பக்கம் விற்பதில் எதை வாங்கலாம்?

பிளைவுட், மண்கலயம், முழுப்பலகை என மூன்று வகையாகக் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்க முழுப்பலகை ஒன்றுதான் தேறும்.

முதலில் வாசலைப் பாருங்கள். விட்டம் 32 மி.மீ. இருக்க வேண்டும். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.; அதை வாசலில் நடுவாகப் பிடித்தால் சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் மிஞ்ச வேண்டும். 50 மி.மீ. ஓட்டை போட்ட பெட்டியில் மைனாவோ வண்ணாத்திக்குருவியோ குடியேறிவிடும். பலகை வாசலை அணில் கரம்பிப் பெரிதாக்கும். அதே அளவு ஓட்டையிட்ட தகரத்தை வாசல்மேல் திருகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

உள்தரை 12க்கு 15 செ.மீ., வாசலின் கீழ்விளிம்பிலிருந்து தரைவரை குறைந்தது 12 செ.மீ. ஆழம். கடைப்பெட்டிகள் பலவும் இங்கேதான் தோற்கின்றன. ஆழம் குறைந்தால் குஞ்சு வெளியே விழும், காக்கையின் அலகும் எட்டும். வாசலுக்கு முன்னால் அழகுக்கு நீட்டிய குச்சியை அறுத்து எறியுங்கள். குருவிக்கு அது வேண்டாம், காக்கைக்குத்தான் வசதி.

ஆனி ஆடிச் சாரல், ஐப்பசி கார்த்திகை அடைமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. சாதா பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். மண்கலயம் மாலை வெயிலில் அடுப்பாகிவிடும், திறந்து சுத்தம் செய்யவும் வழியில்லை. 18 மி.மீ. அயனிமரப் பலகை தாங்கும். அடியில் நான்கு சிறு துளை, கூரைக்குக் கீழே காற்றுக்கு இரண்டு, ஒரு பக்கம் திருகு கழற்றித் திறக்கும்படி. உள்ளே பெயின்டோ வார்னிஷோ கூடாது.

எட்டு முதல் பத்தடி உயரத்தில், சன்ஷேடுக்கு அடியில், கிழக்கு பார்த்து மாட்டுங்கள். சாரல் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். சீலிங் ஃபேன் ஓடும் வராந்தா வேண்டவே வேண்டாம். அடைகாப்பு பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்கப் பதினைந்து நாள். அந்த ஒரு மாதம் திறக்காதீர்கள். பறந்தபின் பழைய கூட்டை அள்ளி வெளியே போடுங்கள்.

பெட்டி அட்டையில் ‘எல்லாச் சிறு பறவைகளுக்கும்’ என்று அச்சடித்திருந்தால் அது வெறும் வாய்ச்சவடால். தென்னை, பனை ஓலைநாரும் நெல் இலையும் கிழித்துக் கூடு பின்னும் தூக்கணாங்குருவி பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்காது.

ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த பொந்து கான்கிரீட் வீட்டில் இல்லை. பெட்டி திருப்பிக் கொடுப்பது அந்தப் பொந்தை மட்டும்தான். குஞ்சுக்கு முதல் நாட்களில் வேண்டியது புழுவும் பூச்சியும். அது ஏலாவின் (வயல்வெளியின்) வரப்புப் புல்லிலிருந்தும் வீட்டுப் புறக்கடையிலிருந்தும் வர வேண்டும். சுசீந்திரம் தேரூர்க் குளங்கள் 2022இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறின, சரி. சுற்றியுள்ள வயல் மனையாகி, மனை முழுக்க பேவர் பிளாக் பதித்தால் அந்தத் தெருவில் எத்தனை பெட்டி தொங்கினாலும் காலிதான்.

அதனால் வாங்கும்முன் அக்கம்பக்கத்து அரிசிக் கடை வாசலில் காலையில் ஒரு நடை பாருங்கள். குருவி சத்தம் கேட்டால் பெட்டிக்கு ஆள் வரும். கேட்காவிட்டால் கால் சென்ட் மண்ணையாவது மூடாமல் விட்டு, செம்பருத்தி, மருதாணி வேலி வைத்து, பூச்சிமருந்தை நிறுத்துங்கள், பெட்டி அப்புறம். வாங்கும்போது இரண்டாக வாங்கி ஒரே சுவரில் மாட்டுவது நல்லது, கூட்டமாகக் குடியிருக்கும் சாதி அது.