டெலி மானஸ் 14416: கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு எவ்வளவு உதவும்?

மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ராத்திரிதான் பெரிய சோதனை. ஓ.பி. மூடியிருக்கும், சொந்தக்காரர்களை எழுப்பத் தயக்கமாக இருக்கும். அந்த நேரத்தில் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையின் எண் 14416 கைகொடுக்கும். மத்திய சுகாதார அமைச்சகம் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய சேவை இது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால்தான் மனநல மருத்துவரிடம் இணைப்பார். டாக்டரே எடுப்பார் என்று நினைத்துக் கூப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும்.

மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், கடைசியாக எந்த வேளை சாப்பிட்டார், குடிப்பழக்கம் உண்டா என்பதெல்லாம் தயாராக இருக்கட்டும். "ஒரு மாதிரியா இருக்கார்" என்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. "மூணு நாளா ரெண்டு மணி நேரம்தான் தூங்குறார், ஜன்னலையெல்லாம் சாத்திட்டார்" என்று சொல்லுங்கள். இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், தள்ளாட்டம் என்றால் போனில் நேரம் போக்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்.

வெளியே சொல்லக் கூசும் விஷயத்தையும் ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள். நோயாளிக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்து சாம்பாரிலும் காபியிலும் கலக்கும் வீடுகள் நிறைய உண்டு. டம்ளரின் அடியில் வெள்ளையாகத் தங்கியிருப்பதை அவர் ஒருநாள் பார்த்துவிட்டால், 'சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள்' என்ற சந்தேகத்துக்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்தாலோ, நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். தினசரி மாத்திரைக்குப் பதிலாகச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. அது ஒத்துவருமா என்று அவரையும் உட்காரவைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள்.

இது வீட்டுக்கு ஆள் அனுப்பும் சேவை கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் 108. போலீஸ் தேவைப்பட்டால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100 என்று சொல்லுங்கள். நோயின் காரணமாகத் தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தாக இருப்பவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோவது காவல் நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் அடைக்கக் கூடாது.

நோயாளிக்காக மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. "எனக்கே முடியல" என்று உங்களுக்காகவும் கூப்பிடலாம். மாரியம்மன் கோயில் வாசலில்கூடச் சொல்லி அழ முடியாததை இங்கே சொல்லலாம், அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அடுத்த மாத மாத்திரைக்கு உங்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்க இந்தத் தொலைபேசிச் சேவையால் முடியாது. அதற்கு மனிதர்கள் வேண்டும். சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப் போன்றவை குடும்பத்தாரோடும் சேர்ந்து வேலை செய்கின்றன. உங்கள் மாவட்டத்தில் குடும்பத்தினர் கூடும் இடம் உண்டா என்று ஆலோசகரிடமும், மாவட்ட மனநலத் திட்ட ஓ.பி.யிலும் கேளுங்கள்.

சொந்தக்காரர்களிடம் பொதுவாக "உதவி பண்ணுங்க" என்றால், என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கிவிடுவார்கள். "சித்தப்பா, வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் அண்ணன்கூட உட்காருங்க, நான் ஓ.பி.க்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்" என்று கேளுங்கள்.